2^64 − 1: சதுரங்கப் பலகை எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

எண்தேடி

வணக்கம். சதுரங்கப் பலகைக் கதை, ராஜா கொடுப்பதாக ஒப்புக்கொண்ட நெல்மணிப் பரிசு, எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து வரும் தொகை 18446744073709551615. நம் முறையில் காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்ல வேண்டுமென்றால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதற்கு மேல் சில்லறை.

கதை இருக்கட்டும். எனக்கு இந்த எண்ணின் மீதுதான் ஆசை. இதன் காரணிகள் எவை? கணினி இல்லாமல் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா? விரிதாளில் இட்டுப் பார்த்தேன். கடைசி ஐந்து இலக்கங்களும் பூச்சியமாக நிற்கின்றன. அதை நம்பினால் எண் பத்தால் வகுபடும் என்றாகிவிடும். ஆனால் இது ஒற்றை எண் என்பதில் ஐயமே இல்லை.

நிரல்நெசவாளன்

விரிதாளைக் குறை சொல்ல முடியாது, அதற்கு இருக்கும் இடம் அவ்வளவுதான். பெரும்பாலான விரிதாள்களும் பல நிரல்மொழிகளும் எண்களை 53 இரும இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்கின்றன. 2^63-க்கும் 2^64-க்கும் நடுவில் அவற்றால் 2048 இடைவெளி விட்டுத்தான் எண்களைக் குறிக்க முடியும். அந்த வரிசையில் 2^64 − 1 இல்லை. மிக அருகில் இருப்பது 2^64, அதுவாகவே பதிந்துவிடுகிறது. விரிதாள் அதிலும் 15 இலக்கங்களை மட்டும் காட்டிவிட்டு மீதியைப் பூச்சியத்தால் நிரப்புகிறது. ஜாவாஸ்கிரிப்டில் தட்டிப் பாருங்கள், 18446744073709552000 என்று வரும். பைத்தானில் முழு எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது, அங்கே சரியாக வரும்.

என் வேலையில் இந்த எண்ணை அடிக்கடி பார்க்கிறேன். 64 இரும இடங்களிலும் 1 நிற்கும் நிலை இது. குறியில்லாத 64 இரும முழு எண்ணின் உச்சம். இதோடு ஒன்றைக் கூட்டினால் எல்லாம் உருண்டு பூச்சியமாகிவிடும். அதே 64 ஒன்றுகளைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் அது −1.

கணக்கு வாத்தியார்

எண்தேடி தம்பி, கையால் முடியும். பள்ளிக்கூடத்து வர்க்க வித்தியாச முற்றொருமை ஒன்று போதும்.

2^64 − 1 = (2^32 − 1)(2^32 + 1)

வலப்பக்கத்தின் முதல் அடைப்பும் அதே வடிவம்தான். அதையும் பிரியுங்கள்:

2^32 − 1 = (2^16 − 1)(2^16 + 1)

இப்படியே இறங்கிக்கொண்டு போனால் கடைசியில் 2 − 1 என்று வந்து நிற்கும். அது 1. மிஞ்சுவது கூட்டல் குறி உள்ள ஆறு அடைப்புகள்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதுதான் வேலை வைக்கும். முடிவை மட்டும் சொல்கிறேன், வழியைக் கேட்டால் பிறகு விளக்குகிறேன்:

4294967297 = 641 × 6700417

ஆகவே முழுப் பிரிப்பு 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழும் வெவ்வேறு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே வகுஎண்கள் மொத்தம் 2^7, அதாவது 128.

மேருமுனை

ஐயா சொன்ன ஆறு அடைப்புகளுக்கும் பெயர் உண்டு. பிரெஞ்சுக் கணிதர் பெர்மாவின் பெயரால் அவை பெர்மா எண்கள். பெ(ந) என்று குறித்தால் பெ(0) = 3, பெ(1) = 5, பெ(2) = 17, பெ(3) = 257, பெ(4) = 65537, பெ(5) = 4294967297. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது.

நம் எண் முதல் ஆறு பெர்மா எண்களின் பெருக்கற்பலன். அதோடு ஏழாவது பெர்மா எண்ணான பெ(6), அதாவது 2^64 + 1, நம் எண்ணுக்கு இரண்டு தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முந்தைய பெர்மா எண்கள் அனைத்தையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அடுத்தது. எந்த இடத்திலும் இது மாறாது.

இதிலிருந்து ஒரு அழகான முடிவு வருகிறது. பெ(6)-க்கும் முந்தைய ஒன்றுக்கும் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றை எண்கள், ஆகவே பொதுக் காரணி 1 மட்டுமே. எந்த இரண்டு பெர்மா எண்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொன்றும் புதிதாக ஒரு பகாக் காரணியையாவது கொண்டுவருவதால் பகா எண்கள் முடிவில்லாதவை என்பதும் உடன் கிடைத்துவிடுகிறது. 1730-இல் கணிதர் கோல்ட்பாக் இன்னொரு கணிதரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது இந்த வாதம்தான்.

எண்தேடி

641-ஐ எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். 3, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனார்களா? 641-க்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றனவே.

கணக்கு வாத்தியார்

வரிசையாக வகுக்கத் தேவையில்லை. இது சற்று நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

1640-ஐ ஒட்டி எழுதிய கடிதங்களில் பெர்மா இந்த வடிவ எண்கள் எல்லாம் பகா எண்கள் என்று தாம் நம்புவதாக எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் இதை ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் 641-ஐக் காட்டினார்.

வழி இது. ப என்ற பகா எண் 2^32 + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டு போங்கள். 32-ஆம் இடத்தில் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 64-ஆம் இடத்தில் மீதி 1. முதன்முதலில் 1 வரும் இடம் 64-இன் வகுஎண்ணாகத்தான் இருக்க முடியும். அது 64-ஐ விடச் சிறியதென்றால் 32-ஐயும் வகுக்கும், அப்போது 32-ஆம் இடத்திலும் 1 வந்திருக்க வேண்டும். அங்கே நிற்பதோ −1. ஆகவே முதல் 1 வருவது சரியாக 64-ஆம் இடத்தில்.

இனி பெர்மாவின் சிறு தேற்றம்: ப − 1 ஆம் இடத்தில் மீதி 1 வந்தே தீரும். ஆகவே ப − 1 என்பது 64-இன் மடங்கு. பெர்மாவின் நம்பிக்கையைக் கவிழ்த்த கருவி அவருடைய தேற்றமேதான். இதைப் பாடம் நடத்தும்போது நான் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

64-இன் மடங்கோடு ஒன்று: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் வேலை முடிந்துவிடுகிறது.

1878-இல் எதுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கினார். ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், ப-ஐ மட்டாகக் கொண்டால், அதாவது ப-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் பார்த்தால், 2 ஒரு வர்க்கமாகிவிடும். அதனால் ப − 1 என்பது 128-இன் மடங்காகவே இருக்க வேண்டும். அப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641 என்று சுருங்கும். பகா எண்கள் 257, 641 இரண்டு மட்டும். 257 ஒரு பெர்மா எண், மேருமுனை சொன்னபடி அது பெ(5)-ஐ வகுக்காது. மிச்சம் 641. முதல் வகுத்தலிலேயே விழுந்துவிடும்.

6700417 பகா எண்தானா என்று கேட்கத் தோன்றும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. அதன் காரணிகளும் பெ(5)-இன் காரணிகள்தாம், ஆகவே 128-இன் மடங்கோடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள், 257-ஐ விட்டால், 641, 769, 1153, 1409 நான்கே நான்கு. வகுத்துப் பாருங்கள். மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூச்சியமில்லை. முடிந்தது. ஏழு இலக்க எண்ணைப் பகா எண் என்று நான்கு வகுத்தலில் நிறுவிவிட்டோம்.

65537-க்கு இன்னும் குறைவு. அங்கே 64-இன் மடங்கோடு ஒன்று, வரம்பு 256. அந்த வரம்புக்குள் இருக்கும் ஒரே பகா எண் 193. வகுத்தால் மீதி 110. அவ்வளவுதான்.

மேருமுனை

641 வகுக்கிறது என்பதை வகுக்காமலே காட்டும் வழி ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பு மட்டுக் கணிதம் தெரிந்தவர்கள் தொடரலாம்.

641 = 5 × 128 + 1. ஆகவே மட்டு 641-இல் 5 × 2^7 என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 என்பது 1.

641 = 625 + 16. ஆகவே 5^4 என்பது −2^4.

முதலாவதில் இரண்டாவதைப் பொருத்தினால் −2^32 என்பது 1. அதாவது 2^32 + 1 என்பது பூச்சியம். 641-ஐ இரண்டு விதமாக எழுதினோம், வேறொன்றும் செய்யவில்லை.

நிரல்நெசவாளன்

641-க்கு இன்னொரு குறும்பும் உண்டு. 10^4-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 385. வர்க்கப்படுத்தி மறுபடி வகுத்தால் 10^8-இன் மீதி 154. மறுபடி வர்க்கப்படுத்தினால் 23716; 641 × 37 = 23717. ஆக 10^16-இன் மீதி −1. அதாவது 1 எழுதி, பதினைந்து பூச்சியம் எழுதி, மறுபடி 1 எழுதினால் அந்த எண்ணும் 641-ஆல் வகுபடும். 1/641-இன் தசம விரிவு 32 இலக்கங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.

வெறுங்கை

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி. இவை இந்த எண்ணின் பண்புகளா, 2-இன் அடுக்கு என்ற வடிவத்தின் பண்புகளா? எந்த எண்ணைக் கொடுத்தாலும் கணக்குப் பிரியர்கள் உட்கார்ந்து பத்துப் பண்பு சொல்லிவிடுவார்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 என்று சொல்லலாம். இருமத்தில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே என்று சொல்லலாம். 641-ஐ வைத்துப் பத்தடிமானத்தில் காட்டியதும் அந்த வகைதான். 2^64 − 1 இல்லாமல் 2^60 − 1 என்று எடுத்திருந்தால் அதற்கும் ஒரு இழை ஓடியிருக்கும்.

கணக்கு வாத்தியார்

கேட்க வேண்டிய கேள்விதான். இலக்கக் கூட்டுத்தொகை 87 என்பது நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வந்தது. அதிலிருந்து 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது என்று தெரிந்துகொள்ளலாம். அதைத் தாண்டி அந்த 87-இல் சாரமில்லை. காரணிகளோ எந்த எழுத்துமுறைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. ஆனால் நீங்கள் கேட்பது வேறு, இந்த எண்ணுக்கே உரியது என்ன என்று. மேருமுனையிடம் விடை இருக்கும் என்று நினைக்கிறேன்.

மேருமுனை

இருக்கிறது ஐயா. வெறுங்கை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஒரு எண் ந-ஐ எடுத்துக்கொண்டு, 1 முதல் ந வரை அதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இவை சார்பகா எண்கள். 15-க்கு 1, 2, 4, 7, 8, 11, 13, 14 என்று எட்டு. அதற்கு அடுத்த எண் 16-க்கு ஒற்றை எண்கள் எல்லாம், அவையும் எட்டு. 3-க்கு இரண்டு, 4-க்கும் இரண்டு. 255-க்கு 128, 256-க்கும் 128. 65535-க்கு 32768, 65536-க்கும் 32768.

காரணம் எளிது. பகா எண் ப-க்கு எண்ணிக்கை ப − 1. வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கினால் எண்ணிக்கைகளும் பெருகும். 255 = 3 × 5 × 17 என்பதால் 2 × 4 × 16 = 128. பெர்மா எண் பகா எண்ணாக இருக்கும்வரை ஒன்றைக் கழித்தால் 2-இன் தூய அடுக்கு கிடைக்கும், கணக்கு பிசகாமல் பாதியில் வந்து நிற்கும்.

2^32 − 1 = 4294967295-க்கும் இது நடக்கிறது: 2 × 4 × 16 × 256 × 65536 = 2^31. அடுத்த எண்ணான 2^32-க்கும் 2^31.

3, 15, 255, 65535, 4294967295. ஐந்து முறை பிசகாத இந்த ஒழுங்கு ஆறாவதாக 2^64 − 1-க்கு வரும்போது உடைகிறது. 2^64-இன் சார்பகா எண்கள் 2^63, அதாவது 9223372036854775808. நம் எண்ணுக்கோ 2^31 × 640 × 6700416 = 9208981628670443520. ஏறத்தாழ 144 கோடி கோடி குறைகிறது. விகிதமாகச் சொன்னால் பாதிக்குப் பதில் 0.4992.

4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் இந்த ஒழுங்கு இன்னொரு படி நீடித்திருக்கும். 2^60 − 1 இந்த வரிசையிலேயே இல்லை. இந்த எண்ணின் தனித்தன்மை என்று நான் சொல்லக்கூடியது, ஒழுங்கு முறியும் முதல் இடம் இது என்பதைத்தான்.

வெறுங்கை

இது நான் கேட்டதற்கு விடை. ஐந்து முறை சரியாக வந்ததைப் பார்த்துவிட்டு ஆறாவதும் வரும் என்று யாரும் எழுதிவிடுவார்கள், பெர்மாவே எழுதினார். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவருக்குச் சிறு தேற்றம் தெரியும். நான்கைந்து வகுத்தலில் முடிகிற வேலையை ஏன் விட்டார்?

கணக்கு வாத்தியார்

அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். சிறு தேற்றத்தை 2-ஐ அடியாகக் கொண்டு சோதனையாகப் பயன்படுத்தினால் பெ(5) ஏமாற்றிவிடும். 2-இன் அடுக்குகளில் மீதி 1 வருவது 64-ஆம் இடத்தில்; பெ(5) − 1 = 2^32 என்பது 64-இன் மடங்கு. ஆகவே அந்த இடத்திலும் மீதி 1 வரும், பகா எண் போலவே நடிக்கும். எல்லாப் பெர்மா எண்களும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 2-ஐ விட்டு 3-ஐ அடியாக எடுத்தால் சாயம் வெளுத்துவிடும். 1877-இல் பெப்பன் கொடுத்த சோதனை 3-ஐ வைத்து நடப்பதுதான்.

நிரல்நெசவாளன்

நம் எண்ணுக்கு அந்த நடிப்பும் வராது. 2^64 − 2 என்பது 2-ஆல் ஒரே ஒரு முறைதான் வகுபடும், 64-இன் மடங்கல்ல. முதல் சோதனையிலேயே பகு எண் என்று தெரிந்துவிடும். 5-இல் முடிகிற எண்ணுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

காவிரிக்கரை

இடையில் நுழைகிறேன். கணக்கு எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது, நெல் பிடிபடும். ஆயிரம் நெல்மணி ஏறத்தாழ 20 கிராம் என்று வைத்தால் இந்தத் தொகை 36,900 கோடி டன்னை ஒட்டி வரும். உலகம் முழுக்க ஆண்டுக்கு விளையும் நெல் 80 கோடி டன் அளவில். இன்றைய விளைச்சலில் ஒரு மணிகூடத் தின்னாமல் 460 ஆண்டு சேர்த்தால் ராஜா கடனை அடைக்கலாம். கேரளத்து அம்பலப்புழைக் கோயிலில் பால் பாயசம் கொடுப்பதற்கு இதே சதுரங்கக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அடைக்க முடியாத கடனைப் பாயசமாகத் தினமும் கட்டிவருகிறார்களாம்.

மேருமுனை

கதை எங்கெல்லாம் சுற்றினாலும் எண்ணைக் கடைசி இலக்கம்வரை சரியாக எழுதியவர்கள் பழைய காலத்திலேயே இருந்தார்கள். அல் பிரூனி ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய காலக்கணிப்பு நூலில் இது முழுதாக இருக்கிறது. கட்டம் கட்டமாகக் கூட்ட வேண்டியதில்லை. 16-ஐ வர்க்கப்படுத்து, 256. அதை வர்க்கப்படுத்து, 65536. அதை வர்க்கப்படுத்து, 4294967296. இன்னொரு முறை. கடைசியில் ஒன்றைக் கழி.

எண்தேடி

ஹனோய் கோபுரப் புதிரிலும் இந்த எண் வருகிறது அல்லவா? காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகள், அர்ச்சகர்கள் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மாற்றி முடித்தால் உலகம் முடிந்துவிடும் என்று.

வெறுங்கை

காசியில் அப்படியொரு கோயிலும் இல்லை, தட்டும் இல்லை. 1883-இல் பொம்மையாக விற்ற புதிர் அது. உருவாக்கியவர் மேலே வாத்தியார் சொன்ன அதே லூக்கா. பெட்டியில் சயாம் நாட்டுக்காரர் பெயர் போல ஒன்று போட்டிருந்தது, அது அவருடைய பெயரையும் ஊரையும் எழுத்து மாற்றிப் போட்டது. காசிக் கதையும் அதை விற்கக் கட்டியதுதான். எண் மட்டும் உண்மை: 64 தட்டுக்கு 2^64 − 1 மாற்றம். நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு.

மேருமுனை

பாஸ்கல் முக்கோணத்தை யாரும் தொடவில்லையே. ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டல். நம் ஊரில் மேரு பிரஸ்தாரம் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே ஹலாயுதர் பிங்கலரின் யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் இருக்கும் அதே முக்கோணம். என் புனைபெயருக்கும் அதுதான் காரணம்.

முக்கோணத்தில் ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். வரிகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணினால்:

1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111…

பத்தடிமானத்தில் 1, 3, 5, 15, 17, 51, 85, 255. அடுத்த வரி 257. எல்லாம் பெர்மா எண்களும் அவற்றின் பெருக்கங்களும். வரி எண்ணை இருமத்தில் எழுதினால் எந்தெந்த இடத்தில் 1 இருக்கிறதோ, அந்தந்தப் பெர்மா எண்ணைப் பெருக்கினால் அந்த வரி வந்துவிடும். 63 என்பது இருமத்தில் 111111. ஆகவே 63-ஆம் வரி ஆறு பெர்மா எண்களின் பெருக்கம், அதாவது நம் எண். அந்த வரியில் இருக்கும் 64 எண்களும் ஒற்றை எண்கள்.

பூச்சியம் முதல் 63 வரை 64 வரிகள். அவை 64-உம் நம் எண்ணின் வகுஎண்கள். ஆனால் வாத்தியார் ஐயா 128 வகுஎண் என்றார். மற்ற 64 எங்கே? 641, 6700417 இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டவை அவை. முக்கோணம் அந்த இரண்டையும் எப்போதும் ஒட்டியே வைத்திருக்கிறது, பிரிக்கத் தெரியாது.

எண்தேடி

மேருமுனை, இது நான் எதிர்பார்க்கவே இல்லை. 31-ஆம் வரி 4294967295 என்றால் அதுவரை எல்லாம் உண்மையான பகா எண்களின் பெருக்கம். 32-ஆம் வரியில் பெ(5) வருகிறது. இதற்கு வடிவியலில் ஏதாவது பொருள் உண்டா?

கணக்கு வாத்தியார்

உண்டு. கவராயமும் அளவு குறிக்காத கோலும் மட்டும் கொண்டு எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்ற பழைய கேள்வி. 1796-இல் பத்தொன்பது வயது நிறையாத காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது வெவ்வேறு பெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். வேறு எதுவும் முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார்.

இன்றுவரை தெரிந்த பெர்மா பகா எண்கள் ஐந்தே ஐந்து. ஆகவே வரையக்கூடிய ஒற்றைப் பக்கப் பலகோணங்கள், நாம் அறிந்தவரை, 4294967295-இன் வகுஎண்களில் 1-ஐ நீக்கிய மற்ற 31. மேருமுனையின் முக்கோணத்தில் 1 முதல் 31 வரையான வரிகள் அவைதாம். 32-ஆம் வரியிலிருந்து முக்கோணம் தொடர்ந்து எண்களைக் கொடுக்கும், ஆனால் அவற்றை வரைய முடியாது. 641-இல் ஒன்றைக் கழித்தால் 640. அதில் 5 என்ற காரணி புகுந்துவிட்டது, அது 2-இன் அடுக்கல்ல. நம் எண்ணின் அத்தனை பக்கமுள்ள பலகோணம் அதே காரணத்தால் கவராயத்துக்கு அடங்காது.

வரையலாம் என்பதற்காக வரைந்துகொண்டே உட்கார்ந்தவரும் உண்டு. ஹெர்மஸ் என்பவர் 65537 பக்கப் பலகோணத்துக்கான வழியைப் பத்தாண்டு எழுதி 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப்படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, பொறாமை இல்லை.

காவிரிக்கரை

அக்கம்பக்கம் எப்படி? இதற்கு அருகில் பகா எண் ஏதும் இல்லையா?

நிரல்நெசவாளன்

2^64-க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் 2^64 − 59, அதாவது 18446744073709551557. மேலே முதலில் வருவது 2^64 + 13, அதாவது 18446744073709551629. நடுவில் இருக்கும் அத்தனையும் பகு எண்கள், மேருமுனை சொன்ன 2^64 + 1 உட்பட.

வெறுங்கை

பெ(6)-உம் பகு எண்ணா? அதையும் யாராவது கையால் உடைத்திருக்கிறார்களா?

மேருமுனை

உடைத்திருக்கிறார்கள். 1880-இல் லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர், அப்போது வயது 82, 18446744073709551617 = 274177 × 67280421310721 என்று வெளியிட்டார். அதற்கு முன்பே 1855-இல் கிளாசன் இதைக் காஸுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருந்தது பின்னால்தான் தெரியவந்தது. இரண்டும் பகா எண்கள். ஆகவே 2^128 − 1-க்கு ஒன்பது பகாக் காரணிகள், 512 வகுஎண்கள். பெ(5) தொடங்கி பெ(32) வரை அத்தனையும் பகு எண்கள் என்று இன்று நிறுவப்பட்டிருக்கிறது. பெ(33) பகா எண்ணா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

வெறுங்கை

கண்டுபிடித்தது பெரிய விஷயம்தான். சரிபார்ப்பது? இருபது இலக்க எண்ணை ஆறு இலக்க எண்ணால் வகுத்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

கணக்கு வாத்தியார்

வகுக்க வேண்டாம், இரண்டு வரி போதும்.

2^32 = 4294967296. 274177 × 15665 = 4294982705. வித்தியாசம் 15409. ஆகவே மட்டு 274177-இல் 2^32 என்பது −15409.

15409-ஐ வர்க்கப்படுத்துங்கள்: 237437281. 274177 × 866 = 237437282. ஒன்று குறைகிறது. ஆகவே 2^64 என்பது −1, 2^64 + 1 வகுபடுகிறது.

ஆய்லர் பாணியில் ஒரு சோதனையும் செய்யுங்கள். பெ(6)-இன் காரணி 256-இன் மடங்கோடு ஒன்றாக இருக்க வேண்டும். 274176-ஐ 256-ஆல் வகுத்தால் 1071, மீதி இல்லை. ஆனால் 1071 என்பதைக் கவனியுங்கள். பெ(5)-க்கு 128-இன் ஐந்தாவது மடங்கிலேயே காரணி கிடைத்துவிட்டது. இங்கே 256-இன் 1071-ஆவது மடங்குவரை போக வேண்டியிருந்தது.

வெறுங்கை

15409-ஐ நானே வர்க்கப்படுத்திப் பார்த்தேன். ஒன்றுதான் குறைகிறது.